சண்டை தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடுகிறது: டேப்லெட்டில் எந்த ஆப் வைத்துக்கொள்வது?

வடசேரி டிஎம்

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்குக் கூடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆறு பிளேயர்கள், கதையையும் மிருகங்களையும் நடத்துகிற டிஎம் நான். இரண்டு பேர் திருவனந்தபுரத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தை அப்படியே என் உலகத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பாலத்தின் நடுவில் ஆறு கோப்லின் (குட்டிப் பூதங்கள்), இரண்டு ஓநாய், ஒரு ஓகர் (பெரிய அரக்கன்). சண்டை தொடங்கும்போது மணி 3.10. முடியும்போது 5.25. ஐந்தே ரவுண்டு. கதைக்குள் ஒரு ரவுண்டு என்பது ஆறு நொடி. அரை நிமிடச் சண்டையை ஆடி முடிக்க இரண்டே கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

நேரம் எங்கே போனது என்று என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஓகரின் ஹிட் பாயின்ட் (மிச்சமுள்ள உயிர்) வரிசையில் 59, அடித்துவிட்டு 48, அடித்துவிட்டு 41, அதற்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கோப்லின் 3-க்கும் கோப்லின் 5-க்கும் கணக்கு மாறிப் போயிருக்கிறது. கிளெரிக் (பூசாரிப் பாத்திரம் ஆடுகிறவர்) பிளெஸ் மந்திரம் போட்டிருந்தார், தோழர்களின் உருட்டலோடு ஒரு டி4, அதாவது நான்கு பக்கப் பகடை, கூடும். அவருக்கு ஒருமுறை 5, ஒருமுறை 14 அடி விழுந்தது. அடிபட்ட பிறகும் மந்திரம் நிற்கிறதா என்று பார்க்கும் கான்சன்ட்ரேஷன் சோதனையை இரண்டு முறையும் கேட்க மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது இரண்டு ரவுண்டு தாண்டிவிட்டது. அந்த டி4-ஐக் கூட்டி இரண்டு வெட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி ரோக் (ஒளிந்து தாக்கும் பாத்திரம்) ஆடுகிறான், கல்லூரியில் படிக்கிறான், அதிகம் பேசமாட்டான். எல்லாரும் கிளம்பும்போது படியில் வைத்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, மூணாவது ரவுண்டுல எனக்கு டர்ன் வரல." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்து வருகிறவன், ஒரு சண்டையில் அவனுக்குக் கிடைப்பது ஐந்து முறை. அதில் ஒன்றை நான் விழுங்கிவிட்டேன்.

என்னிடம் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப் இருக்கிறது. மாடியில் வைஃபை அரைகுறையாகத்தான் எட்டும், மழை வந்தால் கரண்டும் போகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். சண்டை வரிசையையும் கணக்கையும் வைத்துக்கொள்ள நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? விலைப்பட்டியல் வேண்டாம், மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பார்வதிபுரம் ஞாயிறு

நான் மூன்று வருடமாக இம்ப்ரூவ்டு இனிஷியேட்டிவ் பயன்படுத்துகிறேன். இறக்க வேண்டிய ஆப் கிடையாது, பிரவுசரில் திறக்கிற பக்கம். இலவசம், திறந்த மூல மென்பொருள். எஸ்ஆர்டி என்ற இலவச விதித் தொகுப்பில் உள்ள மிருகங்கள் அதிலேயே இருக்கின்றன. கோப்லின் என்று தேடி ஆறு முறை தட்டினால் 1 முதல் 6 வரை எண் போட்டு வரிசையாக வந்து நிற்கும். ஹிட் பாயின்ட், கவசம் எல்லாம் ஏற்றப்பட்டிருக்கும்.

உங்கள் கிளெரிக் பிரச்சினைக்கு அதில் நேரான வழி இருக்கிறது. அவருக்கு கான்சன்ட்ரேஷன் என்ற குறிச்சொல்லைப் போட்டு வையுங்கள். அவருக்கு அடி பதிவானதும் சோதனை போடச் சொல்லி நினைவூட்டும். சோதனையில் எட்ட வேண்டியது 10 அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அது. 5, 14 இரண்டுக்குமே 10தான். 24 அடி விழுந்திருந்தால் 12. இந்தப் பாதிக் கணக்கை ஓடுகிற சண்டையின் நடுவில் மனதில் போட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

பயம் போன்ற நிலைகளுக்குக் காலக்கெடுவும் வைக்கலாம். இத்தனை ரவுண்டு, இன்னாருடைய முறை முடியும்போது விலகும் என்று போட்டுவிட்டால் அதுவே எடுத்துவிடும்.

குளச்சல் கரைமடி

எல்லாரும் டேப்பைச் சொல்வீர்கள் என்று தெரிந்தே வருகிறேன். நான் காகிதக் கட்சி.

ஆறு துணி கிளிப் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளேயரின் பாத்திரப் பெயரை மார்க்கரால் எழுதுங்கள். மிருகங்களுக்கு வேறு நிறத்தில் நான்கைந்து. இனிஷியேட்டிவ் (யாருக்குப் பின் யார் என்ற வரிசை) உருட்டியதும் டிஎம் ஸ்கிரீனின், அதாவது டிஎம் முன்னால் நிற்கும் தடுப்பு அட்டையின், மேல் விளிம்பில் இடமிருந்து வலமாகக் குத்திவிடுங்கள். மேசையில் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். முறை முடிந்தவரின் கிளிப்பைத் திருப்பி வையுங்கள். ரவுண்டு முடிவில் எல்லாம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாத கிளிப் ஒன்று இருந்தால் அந்த ஆளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். உங்கள் ரோக் தம்பிக்கு நடந்தது எங்கள் மேசையில் நடக்காது.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது நாங்கள் மெழுகுவர்த்தி வைத்துத்தான் ஆடினோம். சேவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டம், அதில் இனிஷியேட்டிவுக்குச் சாதாரண சீட்டுக்கட்டே போதும். ஒவ்வொரு ரவுண்டும் ஆளுக்கொரு சீட்டு, பெரிய சீட்டு முதலில், ஜோக்கர் வந்தவர் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். சீட்டு முகம் மேலே பார்த்துக் கிடக்கும்போது யார் முறை என்று கேட்கவே வேண்டாம்.

டேப் வந்த மேசைகளை நான் பார்த்திருக்கிறேன். டிஎம்மின் கண் குனிந்துவிடும். ஓகர் கதாயுதத்தைச் சுழற்றும்போது நீங்கள் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தக்கலை தாழம்பூ

கரைமடி அண்ணா, கிளிப் யோசனை அருமை. ஆனால் நீங்கள் ஆடும் ஆட்டத்துக்கு அது போதும். நான் நடத்துவது பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டம், இரண்டாம் பதிப்பு. அங்கே கிளிப் என்னைக் காப்பாற்றவில்லை.

ஒரு உதாரணம். பயம் 2 என்ற நிலை ஒருவருக்கு வந்தால், அவருடைய ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒன்று குறையும். தீப்பற்றி எரிகிறவருக்கு முறையின் முடிவில் அடி விழும், அதன்பிறகு 15-க்கு ஒரு சோதனை, தாண்டினால் தீ அணையும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: ஒருவர் ஹிட் பாயின்ட் 0-க்குப் போய் விழுந்தால், வரிசையில் அவருடைய இடம் நகர்ந்து, அவரை வீழ்த்திய முறைக்குச் சரியாக முன்னால் போய் நிற்கும். காரணம் இருக்கிறது. அவர் பிழைப்பாரா என்று பார்க்கும் மீட்புச் சோதனையைப் போடுவதற்குள் தோழர்கள் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். இப்படி ஒரே சண்டையில் இரண்டு பேர் விழுந்து எழுந்தால் வரிசையே மாறிவிடும். கிளிப்பைப் பிடுங்கிக் குத்திப் பிடுங்கிக் குத்தி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அதனால் கணக்கை இயந்திரத்திடம் கொடுத்தேன். லேப்டாப்பில் ஃபவுண்ட்ரி ஓடுகிறது. 2020-ல் வந்த மென்பொருள், ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. டிஎம்முக்கு மட்டும் உரிமம் இருந்தால் போதும். பிளேயர்கள் அதே வைஃபையில் பிரவுசரைத் திறந்து உள்ளே வருவார்கள். முதலில் நிறுவி அமைக்க இணையம் வேண்டும். அதற்குப்பிறகு ரௌட்டர் உயிரோடு இருந்தால் வெளியில் இணையம் அறுந்தாலும் ஆட்டம் நிற்காது. எங்கள் வீட்டில் ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறோம்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் ஐந்தாம் பதிப்பு ஆடினால் என்கவுன்டர் பிளஸ் பாருங்கள். சண்டை வரிசை, வரைபடம் இரண்டும் ஒன்றாக இருக்கும். பிளேயர்கள் அதே வைஃபையில் பிரவுசர் வழியாகப் பார்க்கலாம்.

ஆனால் வடசேரி தம்பிக்கு ஃபவுண்ட்ரி தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆறு கோப்லினுக்காக அவ்வளவு பெரிய சாமான் எதற்கு? அமைத்து முடிக்கவே இரண்டு ஞாயிறு போய்விடும்.

மார்த்தாண்டம் தேன்கூடு

ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ஒன்றரை வருடம் ஒரே ஆப்பில் எல்லாவற்றையும் வைத்திருந்தேன். பேர் வேண்டாம். உதயகிரிக் கோட்டையை மையமாக வைத்து ஒரு கதை. குளச்சல் போர் நடந்த 1741-க்குப் பிந்தைய காலம், அதில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் கோட்டைக்குள் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கிறார், சுரங்கத்துக்குள் வேறு ஏதோ இருக்கிறது. நானே எழுதிய மிருகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் கவசம், தாக்குதல், பலவீனம் எல்லாம் உட்கார்ந்து யோசித்துப் போட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு ஆப் புதுப்பித்துக்கொண்டது. ஞாயிறு திறந்தால் வெறும் பக்கம். எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அன்றைக்கு ஆட்டத்தை ரத்து செய்தேன். அதன்பிறகு மூன்று மாதம் டிஎம் நாற்காலியில் உட்காரவே மனம் வரவில்லை.

இம்ப்ரூவ்டு இனிஷியேட்டிவ் பயன்படுத்துவோரும் கவனியுங்கள். கணக்கு தொடங்காமல் ஆடினால் உங்கள் தகவல் எல்லாம் அந்த பிரவுசருக்குள்தான் இருக்கும். வீட்டில் யாராவது "டேப் மெதுவாக இருக்கிறது" என்று பிரவுசரைச் சுத்தம் செய்தால் போச்சு. அமைப்புகளில் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை கோப்பாக இறக்கி வேறொரு இடத்தில் வையுங்கள். தயவுசெய்து செய்யுங்கள்.

வடசேரி டிஎம்

தேன்கூடு அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. அந்த உதயகிரிக் கதையை மறுபடி எழுதினீர்களா?

எல்லாருக்கும் ஒரு கேள்வி. மிருகங்களின் ஹிட் பாயின்ட்டைப் பிளேயர்களுக்குக் காட்டுவீர்களா?

மார்த்தாண்டம் தேன்கூடு

பாதி எழுதிவிட்டேன் தம்பி. இந்த முறை முதலில் நோட்டில், பிறகுதான் திரையில்.

ஹிட் பாயின்ட் காட்டமாட்டேன். எண் தெரிந்தால் "இன்னும் 6 தானே, நான் சின்ன மந்திரம் போடுகிறேன்" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். காயத்தைச் சொல்லுங்கள், எண்ணைச் சொல்லாதீர்கள்.

பார்வதிபுரம் ஞாயிறு

நான் நடுவழி. இம்ப்ரூவ்டு இனிஷியேட்டிவில் பிளேயர் வியூ என்று தனி இணைப்பு கிடைக்கும். அதை வேறொரு திரையில் திறந்தால் வரிசை மட்டும் தெரியும். மிருகத்தின் எண்ணுக்குப் பதிலாக நலம், காயம், குற்றுயிர் என்ற அளவில் ஒரு சொல் நிறத்தோடு காட்டும்படி வைக்கலாம். பிளேயர்கள் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் கண்ணுக்கு அது சரியாகவே படுகிறது. எதிரில் நிற்கிற ஓகர் தள்ளாடுகிறதா இல்லையா என்பது நேரில் நிற்கிற போர்வீரனுக்குத் தெரியும்தானே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிளேயர் வியூவுக்கு இணையம் கட்டாயம். அறுந்தால் உங்கள் பக்கத்தில் கணக்கு ஓடும், அவர்கள் திரை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இணையமே வேண்டாம் என்றால் ஆண்ட்ராய்டில் கேம் மாஸ்டர் 5 பாருங்கள், தகவல் எல்லாம் டேப்புக்குள்ளேயே இருக்கும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சொந்த இணையதளமான டிஅண்ட்டி பியாண்டிலும் சண்டை வரிசை உண்டு. புத்தகங்களை அங்கே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு வசதி, ஆனால் அதுவும் இணையம் இல்லாமல் நகராது.

குளச்சல் கரைமடி

பார்த்தீர்களா, ஞாயிறு தம்பி சொன்னதிலேயே பதில் இருக்கிறது. வரிசையைப் பிளேயர்கள் பார்க்க வேண்டும். என் கிளிப்பும் அதைத்தான் செய்கிறது. டிஎம்மின் மடியில் கிடக்கிற டேப் ஒருவருக்கும் உதவாது.

தக்கலை தாழம்பூ

அண்ணா சொல்வது முழுக்கச் சரி. வடசேரி தம்பி, உங்கள் 10 அங்குல டேப்பைப் பிளேயர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். உங்களுக்குச் செல்போனோ லேப்டாப்போ போதும். நீங்கள் ஒருவர் ஆறு பேரைக் கவனிப்பதைவிட ஆறு பேரும் வரிசையைக் கவனிப்பது எளிது. ஒருவரை நீங்கள் தாண்டிப் போனால் பக்கத்தில் இருப்பவர் "அண்ணே, இவன் இருக்கான்" என்று சொல்லிவிடுவார். கூச்சப்படுகிறவர்கள் தங்களுக்காகக் கேட்கமாட்டார்கள், அடுத்தவருக்காகக் கேட்க யாருக்கும் கூச்சம் வராது.

இன்னொன்று. கோப்லின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உருட்டாதீர்கள். 2014 விதிப்படி ஒரே மாதிரி மிருகங்களுக்கு டிஎம் ஒரே ஒரு உருட்டல் போட்டால் போதும். ஆறும் ஒன்றாகப் பாய்ந்தால் கிளெரிக் தாங்கமாட்டார் என்று தோன்றினால் மூன்று மூன்றாகப் பிரியுங்கள்.

அப்புறம் வாயால் சொல்லுங்கள்: "இப்போது மந்திரவாதி, அடுத்து ரோக்." அடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் அவர் பகடையைக் கையில் எடுத்துவிடுவார். அடிக்கிற டி20-ஐயும் சேதப் பகடையையும் ஒரே நேரத்தில் உருட்டச் சொல்லுங்கள். இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

வடசேரி டிஎம்

ஞாயிறு ஆடி முடித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேப்பை மேசையின் நடுவில், ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவில் சாய்த்து, பிளேயர்கள் பக்கம் பார்க்க வைத்தேன். அதில் பிளேயர் வியூ. என் பக்கக் கணக்கு லேப்டாப்பில். செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இரண்டுக்கும் இணையம். சனிக்கிழமை இரவே ஆட்களையும் மிருகங்களையும் ஏற்றி வைத்துவிட்டேன், இருபது நிமிடம் ஆனது.

பாலத்தின் மறுமுனையில் சண்டை. இரண்டு ஓகர், ஆறு கோப்லின். கோப்லின்களை மூன்று மூன்றாகப் பிரித்தேன். தொடங்கியது 3.20, முடிந்தது 4.25. ஆறு ரவுண்டு. போன முறையைவிட ஒரு ரவுண்டு கூடுதல், நேரம் பாதிக்கும் குறைவு.

கிளெரிக் மறுபடி பிளெஸ் போட்டார். முதல் அடி விழுந்ததும் லேப்டாப் நினைவூட்டியது. நான் வாய் திறப்பதற்குள் அவரே பகடையை எடுத்துவிட்டார். 7 விழுந்தது, உடம்பு வலுவுக்கு 2 கூட்டி 9. பிளெஸ்ஸின் டி4 சோதனைக்கும் கூடும் இல்லையா, அதில் 3. மொத்தம் 12. மந்திரம் நின்றது. மேசையே கத்தியது.

நடுவில் ஒரு கட்டம். இரண்டாவது ஓகருக்கு 31 மிச்சம். மந்திரவாதி அதன் பக்கத்தில் போய், இடி அலையாய்த் தள்ளும் தண்டர்வேவ் மந்திரம் போட்டார். ஓகர் சோதனையில் தோற்றது. 2டி8-ல் (இரண்டு எட்டுப் பக்கப் பகடை) விழுந்தது 9, மிச்சம் 22, அதோடு பத்து அடி பின்னால் தள்ளப்பட வேண்டும். பின்னால் பத்து அடியில் பாலமே இல்லை. மாத்தூர் பாலம் 115 அடி உயரம் என்று எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகாதவர் யார்? விழுகிற உயரத்தில் பத்து அடிக்கு ஒரு டி6 என்றால் 11டி6. எங்களிடம் அத்தனை டி6 ஒன்றாக இல்லை. ஆறு பேரும் ஆளுக்கு ஒன்றிரண்டு என்று எடுத்து மொத்தமாக உருட்டினார்கள். 38.

அந்த நேரத்தில் நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. கரைமடி அண்ணா சொன்னது நினைவிருந்தது. ஓகர் விழுவதைச் சொல்லிக்கொண்டே அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பகடையைக் கூட்டியது அவர்கள், எண்ணைத் தட்டியதுகூட முடிந்த பிறகுதான்.

ஐந்தாவது ரவுண்டில் ஹாட்ஸ்பாட் ஒருமுறை அறுந்தது. திரை நின்றுவிட்டது. கிளெரிக் ஒரு தாளில் வரிசையை எழுதி டேப் மேலேயே ஒட்டினார். அடுத்த முறையிலிருந்து இனிஷியேட்டிவ் உருட்டியதும் தாளிலும் எழுதிவிடுவோம், துணி கிளிப்பும் வாங்கப் போகிறேன். தேன்கூடு அண்ணா, ஏற்றுமதி செய்து கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

குளச்சல் கரைமடி

கிளிப் மரத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் ஒடிந்துவிடும். 11டி6 கேட்டு இங்கே என் பையன் குதிக்கிறான்.

பார்வதிபுரம் ஞாயிறு

ஒரு மணி ஐந்து நிமிடம்! ஹாட்ஸ்பாட் போனை ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள், எங்கள் தெருவில் அது உதவுகிறது.

தோவாளை நிழல்

வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. படியில் அண்ணனிடம் சொன்னது நான்தான்.

அண்ணே, நீங்கள் தூங்கவில்லை என்று இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எல்லாரும் ஓகரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் நான் கை தூக்கினால் ஓட்டம் கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

இந்த வாரம் டேப்பில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. மந்திரவாதி அக்கா ஆடும்போதே அடுத்தது நான் என்று தெரியும், அதனால் தூணுக்குப் பின்னால் எந்தக் கட்டத்தில் நின்றால் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் அடி) கிடைக்கும் என்று யோசித்து வைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் பெயரைக் கூப்பிட்டதும் பதறி, "அம்பு விடுகிறேன்" என்று மட்டும் சொல்வேன். இந்த முறை ஒளிந்துகொண்டேன், நகர்ந்தேன், கோப்லின் தலைவனை ஒரே அடியில் சாய்த்தேன். நான்காவது ரவுண்டில் என் பெயர் மேலே வந்தபோது யாரும் கூப்பிடுவதற்கு முன்பே பகடையை எடுத்துவிட்டேன்.

டேப் இரண்டு முறை சிப்ஸ் டப்பாவிலிருந்து சரிந்தது. எங்கள் வீட்டில் அம்மா சமையல் வீடியோ பார்க்க வாங்கிய ஸ்டாண்ட் ஒன்று சும்மா கிடக்கிறது. வருகிற ஞாயிறு கொண்டு வருகிறேன். ரவுண்டு மாறும்போது தட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்ளட்டுமா அண்ணே?

வடசேரி டிஎம்

பார்த்துக்கோ தம்பி. 1.30-க்கே வந்துவிடு, ஏற்றி வைப்பதை உனக்குக் காட்டுகிறேன். சாப்பாடு இங்கேதான், அம்மா மரச்சீனியும் மீன்கறியும் செய்கிறார்கள்.